ஒரே நாள், இரண்டு நினைவுகள்: களியக்காவிளையும் நவம்பர் 1-ம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரும் நெடுஞ்சாலையில் பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் ஊர். சந்தை, சோதனைச் சாவடி, பேருந்து நிலையம் என்று எப்போதும் பரபரப்பாக இருக்கும். இரண்டு மாநிலத்துப் பேருந்துகளும் இங்கே வந்து திரும்பும். கடைப் பலகைகளில் தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். குடிக்கிற தண்ணீரை "வெள்ளம்" என்றும், டீயை "சாயா" என்றும் சொல்லும் தமிழ் இங்கே சர்வ சாதாரணம். பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் எல்லைக்கல்லைப் பார்த்து நடப்பதில்லை.

ஆனால் ஆண்டில் ஒரு நாள் மட்டும் அந்த எல்லை நன்றாகவே கண்ணுக்குத் தெரியும். அது நவம்பர் 1.

அன்று எல்லைக்கு அந்தப் பக்கம் "கேரளப் பிறவி". பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கசவு வேட்டியும் கசவுச் சேலையுமாகக் கொண்டாட்டம் நடக்கும். ஒரு மாநிலம் பிறந்த நாள் அது. எல்லைக்கு இந்தப் பக்கமோ அதே நாள் "குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள்". நேசமணியின் சிலைக்கு மாலை விழும், தியாகிகளின் பெயர்கள் மேடையில் வாசிக்கப்படும். அந்தப் பக்கம் பிறந்தநாள் விழா, இந்தப் பக்கம் ஒரு போராட்டத்தின் வெற்றி விழாவும் நினைவஞ்சலியும்.

நாள் ஒன்று. நடந்த நிகழ்ச்சியும் ஒன்று. நினைவு மட்டும் எப்படி இரண்டானது? பலர் கூடி ஒன்றை நினைவுகூரும்போது அந்த நினைவுக்கு என்னதான் ஆகிறது? இந்தக் கட்டுரை பேசப்போவது இதைத்தான்.

நடந்தது என்ன?

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலமாயின. திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக இருந்தார்கள். அவர்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து இயங்கிய கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் முதன்மைத் தலைவராக விளங்கியவர் ஏ. நேசமணி. 1895 ஜூன் 12 அன்று விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்த வழக்கறிஞர். மக்கள் அவரை "மார்ஷல் நேசமணி" என்று அழைத்தார்கள்.

1954-ல் திருவிதாங்கூர்-கொச்சியில் தேர்தல் முடிந்து, பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை காங்கிரஸ் ஆதரவோடு முதலமைச்சரானார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ஐ "விடுதலை நாள்" என்று கடைப்பிடிக்கத் தமிழர் இயக்கம் அழைப்பு விடுத்தது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திரண்ட கூட்டத்தின்மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். பலர் உயிரிழந்தார்கள். மார்த்தாண்டம் அப்போது "தொடுவெட்டி" என்றே பெரும்பாலும் அறியப்பட்டது. களியக்காவிளையிலிருந்து அது சில மைல் தூரம்தான்.

பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. 1955 பிப்ரவரியில் பட்டம் தாணுப்பிள்ளையின் அமைச்சரவை கவிழ்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போக வேண்டும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. 1956 நவம்பர் 1 அன்று அந்த நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. விளவங்கோடு தாலுகாவின் விளிம்பில் இருந்த களியக்காவிளை எல்லை ஊர் ஆனது.

ஒரே மனிதர், இரண்டு முகங்கள்

இனி பட்டம் தாணுப்பிள்ளை என்ற ஒரே மனிதரை எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் அவர் பெரிய சுதந்திரப் போராட்ட வீரர். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்து நின்றவர். 1948-ல் திருவிதாங்கூரின் முதல் மக்கள் பிரதமர். 1960 முதல் 1962 வரை கேரள முதலமைச்சர், அதன் பிறகு பஞ்சாப் ஆளுநர். இவை எல்லாமே உண்மை.

களியக்காவிளையைத் தாண்டி மார்த்தாண்டம் வந்தால் அதே பெயர் வேறு மாதிரி ஒலிக்கும். இங்கே அவர், துப்பாக்கிச் சூடு நடந்தபோது ஆட்சியில் இருந்த முதலமைச்சர். இதுவும் உண்மை.

நேசமணிக்கும் இதே கதைதான், தலைகீழாக. குமரி மாவட்டத்தில் அவர் பெயரில் மார்த்தாண்டத்தில் கல்லூரி உண்டு, நாகர்கோவிலில் மணிமண்டபம் உண்டு. 1990-களின் பிற்பகுதி வரை மாவட்டத்தின் அரசுப் பேருந்துகளே "நேசமணி போக்குவரத்துக் கழகம்" என்ற பெயரோடுதான் ஓடின. எல்லையைத் தாண்டிவிட்டால் அந்தப் பெயர் அவ்வளவாக ஒலிப்பதில்லை.

மூன்றாவதாக ஒரு நினைவும் இருக்கிறது. அன்று பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தவர் ராம் மனோகர் லோகியா. துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவர் உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். சொந்தக் கட்சி முதலமைச்சரே பதவி விலக வேண்டும் என்று அங்கிருந்து கேட்டார். அந்தச் சண்டை முற்றிக் கட்சியே உடைந்தது. 1955 முடிவதற்குள் லோகியா தனிக்கட்சி கண்டார். இந்திய சோசலிஸ்ட் இயக்கத்தின் வரலாற்றில் இந்தத் துப்பாக்கிச் சூடு ஒரு கொள்கைச் சண்டையாக வருகிறது. புதுக்கடைக்காரருக்கோ அது தன் ஊர்த் தெருவில் விழுந்த உடல்!

இந்த மூன்று கூட்டத்தாரில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தேவையானதை நினைவில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நினைவு யாருடைய சொத்து?

நினைவு என்பது ஒருவரின் தலைக்குள் இருக்கும் பெட்டி, திறந்தால் உள்ளே போட்டதெல்லாம் அப்படியே வெளியே வரும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பிரெஞ்சு சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925-லேயே இதை மறுத்தார். குடும்பம், ஊர், மதம், தொழில் என்று மனிதன் எந்தக் கூட்டத்தில் இருக்கிறானோ அந்தக் கூட்டம் கொடுக்கும் சட்டகத்துக்குள் வைத்துத்தான் அவனால் எதையும் நினைவுகூர முடியும் என்றார் அவர். "கூட்டு நினைவு" என்ற கருத்தை ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர் அவரே. 1945-ல் நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமில் அவர் இறந்தார்.

1932-ல் இங்கிலாந்தின் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் இன்னொரு விஷயத்தைக் காட்டினார். செவ்விந்தியர்களின் நாட்டுப்புறக் கதை ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பிறகு நினைவிலிருந்து திருப்பி எழுதச் சொன்னார். எழுதியவர்கள் தங்களுக்குப் புரியாத பகுதிகளை விட்டுவிட்டார்கள். அந்நியமாகத் தோன்றியதைத் தங்களுக்குப் பழக்கமான ஒன்றாக மாற்றிக்கொண்டார்கள். ஆக, நினைவுகூர்வது என்பது பெட்டியைத் திறப்பதைவிட வீட்டைத் திரும்பக் கட்டுவது போன்ற வேலை.

களியக்காவிளையில் இது எப்படி நடக்கும்? 1956-ல் பத்து வயதான ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 1 அன்று அவன் கண்டது ஒரு ஊர்வலமாக இருக்கலாம், ஒரு கொடியாக இருக்கலாம். அதன்பிறகு ஆண்டுதோறும் ஊரார் அந்த நாளைப் பற்றிப் பேசக் கேட்கிறான். இருபது ஆண்டு கழித்து அவன் சொல்லும் கதையில் அவன் கண்டது எவ்வளவு, கேட்டது எவ்வளவு? அவனுக்கே தெரியாது. பாறசாலையில் இருந்த இன்னொரு பையனுக்கும் இதேதான், ஆனால் கேட்ட கதை வேறு.

சேர்ந்து நினைத்தால் கூடுமா, குறையுமா?

நாலு பேர் உட்கார்ந்து பேசினால் மறந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வரும் என்பது நம்முடைய பொதுவான நம்பிக்கை. இதை உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தபோது கிடைத்த விடை ஆச்சரியமானது.

1997-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மேரி சூசன் வெல்டனும் கிறிஸ்டல் பெல்லிங்கரும் ஒரு சோதனை செய்தார்கள். சிலரை மூன்று மூன்று பேராகச் சேர்த்து, படித்ததை ஒன்றாக நினைவுகூரச் சொன்னார்கள். வேறு சிலரைத் தனித்தனியே நினைவுகூரச் சொல்லி, அவர்களில் மூன்று மூன்று பேரின் விடைகளை ஒன்றாகக் கூட்டினார்கள் (இருவர் சொன்ன ஒரே விடையை ஒருமுறைதான் எண்ணினார்கள்). சேர்ந்து உட்கார்ந்த மூவர், தனியாள் ஒருவரைவிட அதிகம் நினைவுகூர்ந்தார்கள். ஆனால் தனித்தனியே சொன்ன மூவரின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள்! பின்னர் பல ஆய்வுகளிலும் இதே முடிவு வந்திருக்கிறது.

ஏன் இப்படி? இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணத்தைக் களியக்காவிளைச் சந்தையை வைத்தே புரிந்துகொள்ளலாம். சந்தைக்குப் போய்வந்த இரண்டு பேரிடம் அங்கே என்னென்ன இருந்தது என்று கேட்கிறோம். ஒருவர் மீன் வகையை வைத்து நினைவில் அடுக்கியிருக்கிறார்: சாளை, நெத்தோலி, அயிலை, சூரை. மற்றவர் நடந்த வழியை வைத்து அடுக்கியிருக்கிறார்: வாசலில் இன்ன கடை, அடுத்து இன்ன கடை. தனியே கேட்டால் இருவரும் தத்தம் வழியில் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் பேச்சு மற்றவரின் வரிசையைக் கலைத்துவிடும். பாதியில் அறுந்த நூலின் மறுமுனை கைக்கு வராமலேயே போய்விடும்.

இதில் நன்மையே இல்லையா என்றால், உண்டு. தவறாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார். சேர்ந்து பேசியபோது கேட்டது, பிறகு தனியே நினைவுகூரும்போது உதவும். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த வயதான தம்பதிகளில் சிலர், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் தொடர்ந்து, தனியாக இருந்தால் வந்திருக்காத விவரங்களையும் மீட்டுவிடுகிறார்கள் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, யாரோடு சேர்ந்து நினைக்கிறோம், எப்படி நினைக்கிறோம் என்பது முக்கியம்.

சொன்னது ஒட்டும், சொல்லாதது உதிரும்

கூட்டு நினைவுக்கு இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. இரண்டையும் தெற்கெல்லைப் போராட்ட வரலாற்றில் காணலாம்.

முதலாவது, பிறர் சொன்னது நம் நினைவாக ஒட்டிக்கொள்வது. 2003-ல் பியோனா கேபர்ட் முதலான ஆய்வாளர்கள் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சம்பவத்தை இரண்டு கோணங்களில் படமெடுத்து, இருவருக்கு ஆளுக்கொரு படத்தைக் காட்டினார்கள். தாங்கள் பார்த்தது ஒரே படம் என்றே இருவரும் நம்பினார்கள். பிறகு இருவரையும் பேசவிட்டுத் தனித்தனியே சாட்சி சொல்லச் சொன்னார்கள். பேசிக்கொண்டவர்களில் 71 சதவீதம் பேர், தாங்கள் பார்க்காமல் மற்றவரிடம் கேட்ட ஏதாவது ஒரு விவரத்தைத் தாங்களே பார்த்ததாகச் சொன்னார்கள்.

தேவிகுளம், பீர்மேடு கைவிட்டுப் போனதைப் பற்றிக் காமராஜர் சொன்னதாக ஒரு வாசகம் தமிழ்நாட்டில் உலவுகிறது. குளமும் மேடும் இந்தியாவில்தானே இருக்கின்றன என்ற பொருளில் வரும் அந்தப் பேச்சைக் கேள்விப்படாதவர் குறைவு. ஆனால் மேடைக்கு மேடை அதன் சொற்கள் மாறும், சொன்ன சந்தர்ப்பமும் மாறும். காமராஜரைக் குறைசொல்பவர் ஒரு தொனியில் சொல்வார், ஆதரிப்பவர் வேறு தொனியில் விளக்குவார். ஒரு வாசகம் வாய்மாறி வாய்மாறி எப்படி எல்லோருடைய "நினைவாகவும்" ஆகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1954 ஆகஸ்ட் 11-ல் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியும் இப்படித்தான். நூலுக்கு நூல், மேடைக்கு மேடை எண்ணிக்கை மாறுகிறது. அந்த ஒரே நாளில் இறந்தவர்களையும், 1948 முதலே வெவ்வேறு சம்பவங்களில் உயிர்விட்டவர்களையும் சேர்த்துச் சொல்வதும் நடக்கிறது. எண் வெறும் எண் அல்ல. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டுக்கு அது இரண்டாவது மரணம்.

இரண்டாவது குணம், சொல்லாமல் விட்டது உதிர்ந்துபோவது. அலெக்சாண்ட்ரு குக், ஜொனாதன் கோப்பல், வில்லியம் ஹர்ஸ்ட் ஆகியோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒருவர் ஒரு கதையின் சில பகுதிகளை மட்டும் சொல்லி, அவற்றோடு தொடர்புடைய மற்ற பகுதிகளை விட்டுவிட்டால், சொன்னவர் மட்டுமல்ல, கேட்டவரும் அந்த விடுபட்ட பகுதிகளை மறக்கத் தொடங்குகிறார். மற்றபடி பேசாத விஷயங்களைவிட, பேசியதற்குப் பக்கத்தில் இருந்து பேசப்படாமல் போனவையே அதிகம் மறந்துபோகின்றன.

நவம்பர் 1 மேடையில் தலைவர்களின் பெயர்கள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்திலேயே இருந்த பலர் பேச்சில் வருவதில்லை. ஊர்வலத்துக்குப் போனவர்களுக்குச் சோறு பொங்கிய பெண்கள். போலீசுக்குப் பயந்து பல நாள் தலைமறைவாகத் திரிந்தவர்கள். வீட்டில் மலையாளமும் வெளியில் தமிழும் பேசி, எந்தப் பக்கம் சேர்வது என்று தவித்த குடும்பங்கள். எல்லை வகுத்தபோது நெய்யாற்றின்கரைப் பக்கம் தங்கிவிட்ட தமிழர்கள், விளவங்கோட்டுப் பக்கம் தங்கிவிட்ட மலையாளிகள். இவர்களுக்குக் கேரளப் பிறவி மேடையிலும் இடமில்லை, இணைப்பு விழா மேடையிலும் இடமில்லை. எல்லை ஊரின் உண்மையான அனுபவமே இவர்களிடம்தான் இருந்தது. இரண்டு பெரிய நினைவுகளுக்கு நடுவே அந்த அனுபவம் நழுவி விழுந்துவிட்டது.

இத்தாலியிலும் இதே கதை

குமரி மாவட்டத்துக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல இது. இத்தாலியில் டெர்னி என்ற எஃகு ஆலை நகரம் இருக்கிறது. 1949 மார்ச் 17 அன்று, இத்தாலி நேட்டோ கூட்டணியில் சேர்வதை எதிர்த்து ஆலைத் தொழிலாளர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அப்போது போலீசாரோடு நடந்த மோதலில் லூயிஜி திராஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி கொல்லப்பட்டார்.

பல ஆண்டுகள் கழித்து அலெஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊர் மக்களிடம் வாய்மொழி வரலாறு திரட்டினார். பலர் அந்த மரணத்தை 1953-ல் நடந்ததாகச் சொன்னார்கள்! 1953-ல் நடந்தது வேறு. ஆலையில் ஏராளமானோரை வேலையைவிட்டு நீக்கியதும், அதை எதிர்த்துத் தெருவில் நடந்த பெரும் போராட்டமும்தான் அது. நேட்டோவுக்காக ஒரு தோழன் செத்தான் என்பதைவிட, வேலைக்காகச் செத்தான் என்பது அந்த ஊருக்குப் பொருளுள்ளதாகப் பட்டது. அதனால் ஊரே சேர்ந்து, தெரியாமலேயே, தேதியை நான்கு ஆண்டு நகர்த்திவிட்டது.

இதிலிருந்து போர்த்தெல்லி கண்டது முக்கியமானது. தவறான நினைவும் வரலாற்றாசிரியருக்குப் பயன்படும். என்ன நடந்தது என்பதை அது சொல்லாது, நடந்தது அந்த மக்களுக்கு என்னவாகப் பட்டது என்பதைச் சொல்லும். ஆனால் பயன்பட வேண்டுமானால், உண்மைத் தேதியும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆவணம் இல்லாவிட்டால் தவறு தவறு என்றே தெரியாமல் போய்விடும்.

வில்லுப்பாட்டு சொல்லும் பாடம்

அப்படியானால் கூட்டு நினைவு என்றாலே மோசமா? குமரி மாவட்டத்தின் வில்லுப்பாட்டு "இல்லை" என்கிறது.

வில்லுப்பாட்டில் ஒருவர் மட்டும் பாடுவதில்லை. வில்லடித்துப் பாடும் புலவர் ஒருவர், குடம் அடிப்பவர், உடுக்கு அடிப்பவர், ஜால்ரா போடுபவர் என்று ஒரு குழுவே இருக்கும். தலைமைப் பாடகர் ஒரு வரியைப் பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். "ஆமா" போட்டுக் கதையை நகர்த்துவார்கள். இரவு முழுக்க நீளும் கதையை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றிவைக்காமல், குழு முழுக்கப் பங்கிட்டு வைக்கும் ஏற்பாடு இது. ஒருவர் தடுமாறினால் அடுத்தவர் பிடித்துக்கொள்வார்.

பதினேழாம் நூற்றாண்டில் நாகர்கோவிலுக்கு அருகே கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு நடந்த போரில் வீழ்ந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை, இப்படிப்பட்ட கதைப்பாட்டாகத்தான் மக்களிடம் வாழ்ந்தது. தமிழும் மலையாளமும் கலந்த அந்தப் பாடலை இரு மொழி ஆய்வாளர்களுமே தங்கள் செல்வமாகக் கருதுகிறார்கள். அந்தப் பாட்டு பிறந்த காலத்தில் களியக்காவிளையில் எல்லை கிடையாது. நினைவுக்கும் எல்லை கிடையாது.

ஆய்வுக்கூடத்தில் முன்பின் தெரியாத மூவரைச் சேர்த்தால் ஒருவர் வரிசையை மற்றவர் கலைக்கிறார் என்று பார்த்தோம். வில்லுப்பாட்டுக் குழுவில் எல்லோருக்கும் வரிசை ஒன்றே. தாளமும் கதையோட்டமும் அந்த வரிசையைக் காக்கின்றன. அதனால்தான் அங்கே கூட்டம் நினைவுக்குத் துணையாகிறது.

நாட்காட்டியும் பாடநூலும்

எதை, எந்த நாளில் நினைக்க வேண்டும் என்று அரசுகளும் முடிவு செய்கின்றன. நவம்பர் 1 நீண்ட காலம் குமரி மாவட்டத்துக்கு மட்டுமே பெரிய நாளாக இருந்தது. 2019-ல் தமிழ்நாடு அரசு அதைத் "தமிழ்நாடு நாள்" என்று மாநிலம் முழுக்கக் கொண்டாடத் தொடங்கியது. 2021-ல் வந்த அடுத்த அரசு, ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. 1967 ஜூலை 18 அன்றுதான் மாநிலத்துக்குத் "தமிழ்நாடு" என்று பெயர்சூட்டும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இரண்டு நாளுக்கும் நியாயம் உண்டு. ஆனால் கேள்வி மாறிவிட்டது. ஒன்று எல்லையை நினைக்கச் சொல்கிறது, மற்றது பெயரை நினைக்கச் சொல்கிறது.

பாடநூல் விஷயத்திலும் இந்த மண்ணுக்கு அனுபவம் உண்டு. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தெற்குத் திருவிதாங்கூரில் 1822-ல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம், 1859 ஜூலை 26 அன்று மகாராஜாவின் அறிவிப்பு வெளிவரும் வரை நீண்டது. இதைச் சொல்லும் பகுதியைப் பாடத்திலிருந்து விட்டுவிடும்படி 2016-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பள்ளிகளுக்குச் சொன்னது. 2019-ல் அந்தப் பாடமே ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் நினைவு அழிந்துவிடவில்லை. 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் நடந்த 200-வது ஆண்டு விழாவில் தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலினும் கேரள முதல்வர் பினராயி விஜயனும் ஒரே மேடையில் இருந்தார்கள்.

இது சாதாரண விஷயமல்ல. எல்லை பிரிவதற்கு முன் நடந்த ஒரு போராட்டத்தை இரண்டு மாநிலமும் சேர்ந்து நினைக்க முடிகிறது. அப்படியானால் எல்லை பிரிந்த கதையையும் ஒருநாள் சேர்ந்து நினைக்க முடியாதா என்ன?

இப்போது செய்யக்கூடியது

1954-ல் பத்து வயதானவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் பாறசாலையிலும் அந்த நாட்களைக் கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இனி நிறைய காலம் இல்லை.

மேலே சொன்ன ஆய்வுகளிலிருந்து ஒரு எளிய வழிமுறை கிடைக்கிறது. பெரியவர்களை மேடையில் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொல்வதற்கு முன்னால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அவரவர் வரிசையில், அவரவர் பேச்சுமொழியில் சொல்ல விட வேண்டும். நடுவில் "அது அப்படியில்லையே தாத்தா" என்று திருத்தக் கூடாது. "நீங்க பாத்ததா, கேட்டதா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்க வேண்டும். பாட்டிகளிடமும் கேட்க வேண்டும். எல்லையின் இரண்டு பக்கமும் போய்க் கேட்க வேண்டும். அதன்பிறகு அவர்களைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசவிடலாம். அப்போது ஒருவரை ஒருவர் திருத்துவதும் எடுத்துக்கொடுப்பதும் லாபமாகவே முடியும். கடைசியாக எல்லாவற்றையும் அன்றைய செய்தித்தாள்களோடும் அரசு ஆவணங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கைபேசியும் பொறுமையும் போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் எந்தக் கல்லூரி மாணவரும் இதைச் செய்துவிட முடியும்.

முடிவாக, கூடி நினைப்பதால் ஒரு நினைவுக்கு ஆயுள் கூடுகிறது. நேசமணியின் பெயரை அவர் இறந்த 1968-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் சொல்வது அதனால்தான். ஆனால் அந்த ஆயுளுக்கு ஒரு விலை உண்டு. மேடைக்கு ஏறாத விவரங்களும், எந்தக் கூட்டத்திலும் சேராத மனிதர்களும் உதிர்ந்துபோகிறார்கள். கூடி நினைப்போம். அதற்கு முன் ஒவ்வொருவரும் தனியே சொல்வதையும் கேட்டு வைத்துக்கொள்வோம்.

அடுத்த நவம்பர் 1 அன்றும் களியக்காவிளைப் பேருந்து நிலையத்துக்கு இரண்டு பக்கத்துப் பேருந்துகளும் வரும். வடக்கே கேரளப் பிறவிக்குப் போகிறவர்களும், தெற்கே இணைப்பு விழாவுக்குப் போகிறவர்களும் ஒரே கடையில் நின்று சாயா குடிப்பார்கள். அவர்களில் வயதான ஒருவரிடம் "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று யாராவது கேட்டால் போதும். வரலாறு அங்கிருந்து தொடங்கும்.